கணினிப் பதிவேட்டுக்கும் பக்க இலக்கம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நமது மாவட்டத்து அலுவலகங்களிலும் வைத்தியசாலைகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் கடதாசிப் பதிவேடு சிறிது சிறிதாகக் கணினிக்கு இடம் விட்டுக்கொண்டிருக்கிறது. "எல்லாம் சிஸ்டத்தில் இருக்கிறது" என்ற பதிலை நாளொன்றுக்குப் பத்துத் தடவையாவது கேட்கிறோம். அப்படி இருக்கிறது என்று நம்பிய ஒன்று, தேவைப்பட்ட நாளில் அங்கே இல்லாமற்போனதை நான் நேரிற் கண்டவன். அது எவ்விதம் இல்லாமற்போயிற்று என்பதையும், ஐந்து வாரங்களுக்கு முன்பே அதை அறிந்திருக்கக்கூடிய வழி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பதையும், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கணினிகளைப் பொறுப்பேற்றிருப்போர் அறிய வேண்டும் என்பதனால் இக்கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மட்டக்களப்பு நகரிலுள்ள நிறுவனமொன்றின் சேர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். ஒரு சேர்வருக்குள் யார் நுழைந்தார், எந்த நிரல் (புரோகிராம்) எப்போது தொடங்கியது, எந்தக் கதவைத் தட்டியவர் திருப்பி அனுப்பப்பட்டார் என்பவற்றையெல்லாம் அந்தந்தக் கருவி ஒரு வரியாக அறிவித்துக்கொண்டேயிருக்கும். அவ்வரிகளை வாங்கி, உரிய கோப்பில் எழுதி வைப்பதற்கென்றே பின்னணியில் ஓயாமல் ஓடும் நிரல் ஒன்று உண்டு. எங்கள் துறையில் அதை லொக் டீமன் என்பார்கள். இங்கே பதிவுச் சேவை என்று சொல்கிறேன். எண்பதுகளில் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஓல்மன் என்பவர் தமது மின்னஞ்சல் நிரலுக்காக உருவாக்கிய சிஸ்லொக் என்னும் ஏற்பாடே இதன் மூலம். 1998இல் ஹங்கேரியைச் சேர்ந்த பலாஜ் ஷைட்லர் தொடங்கிய சிஸ்லொக்-என்ஜி, 2004இல் ஜேர்மனியரான ரைனர் கெர்ஹார்ட்ஸ் தொடங்கிய ஆர்சிஸ்லொக் ஆகிய இரண்டும் இன்று லினக்ஸ் சேர்வர்களிற் பரவலாக உள்ளவை. இரண்டையும் நான் பயன்படுத்துகிறேன், இரண்டும் நம்பிக்கையானவை. நான் சொல்லப்போவது அந்த மென்பொருள்களின் குறையன்று, அவற்றை நிறுவிவிட்டுத் திரும்பிப் பாராத எங்கள் குறையாகும்.

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஜனவரி மாதத் தொடக்கத்தில், முந்திய நவம்பர் மாத இறுதியில் ஒரு நாள் முற்பகல் பத்து மணியளவில் முக்கியமான ஒரு பதிவு மாற்றப்பட்டிருப்பது தெரியவந்தது. மாற்றம் ஓர் இளம் பெண் உத்தியோகத்தரின் பயனர் கணக்கினூடாக நிகழ்ந்திருந்தது. தாம் அதைச் செய்யவில்லை என்று அவர் சொன்னார். அந்தக் கணக்கு எந்தக் கணினியிலிருந்து உள்நுழைந்தது என்று பார்த்தால் விடயம் ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிடும் என்று நான் உறுதியாகச் சொல்லி, பதிவுச் சேர்வரில் அன்றைய திகதிக் கோப்பைத் திறந்தேன். கோப்பு இருந்தது. அதன் முதல் வரியின் நேரம் மாலை நான்கு மணி இருபது நிமிடம். அதற்கு முன்னர் ஒரு வரியுமில்லை.

அருகில் நின்றவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "காலையில் வேறு எவரும் உள்நுழையவில்லை என்றுதானே காட்டுகிறது" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. எழுதப்படாமற்போன காலையும், ஒன்றுமே நடவாத காலையும் அக்கோப்பில் ஒரே தோற்றத்தில் இருந்தன. அந்த உத்தியோகத்தர் மூன்று வாரம் சந்தேகத்தோடு நடமாடினார். கடைசியில் அவரைக் காப்பாற்றியது, இன்னொரு பிரிவின் அலுமாரிக்குள் இருந்த வெளிச்செல்லும் பதிவேடு. அன்று காலை எட்டு ஐம்பதுக்கு அவர் கடமை நிமித்தம் அம்பாறைக்குப் புறப்பட்டதாக அதில் அவருடைய கையொப்பம் இருந்தது.

அந்தக் கடதாசிப் பதிவேட்டை நான் நெடுநேரம் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் இலக்கம் இடப்பட்டிருந்தது. இத்தனை பக்கங்கள் உள்ளன என்று முதற்பக்கத்திற் பொறுப்பதிகாரி சான்றுபடுத்தியிருந்தார். ஒரு தாளை யாராவது கிழித்தால் இலக்கம் தாவுவது கண்ணுக்குத் தெரியும். நாங்கள் பெருமையோடு அமைத்த கணினிப் பதிவேட்டில் அப்படியொன்று இல்லை என்றே முதலில் எண்ணினேன். உண்மையில் இருந்தது, நாங்கள் அதைப் பார்க்கவில்லை.

பதிவுகள் ஏன் தொலைந்தன என்பதை விளக்க ஓர் அடிப்படைச் செய்தியைச் சொல்ல வேண்டும். லினக்ஸ் பணிசெயல் முறைமையில் ஓடும் ஒரு நிரல் ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகளைத் திறந்து வைத்திருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. வலையமைப்புத் தொடர்புகளும் அந்தக் கணக்கிலேயே சேரும். எங்கள் சேவைக்கு அந்த வரம்பு 1024 என்று, முன்னர் பணியாற்றிய எவரோ, அமைப்புக் கோப்பில் எழுதி வைத்திருந்தார். கருவிக்கு ஓர் அடைவு (கோப்புகளை வைக்கும் உறை), அதற்குள் நிரலுக்கு ஒரு கோப்பு, கோப்பின் பெயரிலே அன்றைய திகதி என்றுதான் பதிவுகளைப் பிரித்திருந்தோம். நாற்பது கருவிகள், கருவிக்குச் சராசரியாகப் பன்னிரண்டு நிரல்கள்; ஆக நாளொன்றுக்கு 480 கோப்புகள். வரம்புக்குள் பாதிகூட இல்லையே என்று தோன்றும்.

ஆனால் நள்ளிரவில் திகதி மாறும்போது கோப்பின் பெயரும் மாறுகிறது. புதிய பெயரில் 480 கோப்புகள் திறக்கப்படும். பழைய 480 உடனே மூடப்படுவதில்லை. எழுத்து நின்ற கோப்பை எவ்வளவு நேரம் திறந்தே வைத்திருப்பது என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பு ஒன்று சிஸ்லொக்-என்ஜியில் உண்டு. பெயர் மாறிக்கொண்டிருக்கும் இத்தகைய கோப்புகளுக்கு அதன் இயல்பான அளவு 60 வினாடி. அடிக்கடி திறந்து மூடுவது வன்தட்டுக்குச் சுமை என்று கருதி, எங்களில் ஒருவர் அதை ஒரு முழு நாளாக, அதாவது 86,400 வினாடியாக, ஆக்கியிருந்தார். நல்லெண்ணத்தோடு செய்ததுதான். அதன் பயனாக நேற்றைய 480உம் இன்றைய 480உம் சேர்ந்து, நாள் முழுவதும் 960 கோப்புகள் வரை திறந்தே கிடந்தன. 1024 என்ற விளிம்பிலிருந்து அறுபது எழுபது கோப்பு தூரத்தில் நாங்கள் மாதக்கணக்காக உறங்கியிருக்கிறோம். எவரும் எண்ணிப் பார்க்காததால் எவருக்கும் தெரியவில்லை.

அந்நாளுக்குச் சில நாட்களுக்கு முன்னர், நவம்பரின் பிற்பகுதியில், ஆறு புதிய கருவிகளைச் சேர்த்தோம். நாற்பத்தாறு கருவிகளுக்கு 552 கோப்புகள். நள்ளிரவில் இரட்டித்தால் 1104. அன்றிரவே வரம்பு முட்டியது. நேற்றைய கோப்புகள் பிடித்திருந்த இடம் போக எஞ்சியதில், முந்திக்கொண்டு எழுத வந்தவற்றுக்கு இடம் கிடைத்தது; ஏறத்தாழ நூறு கோப்புகள் வெளியில் நின்றன. முந்திக்கொண்டவை எவை? வினாடிக்கு வினாடி ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும் தீச்சுவர்க் கருவியும் வலையமைப்புச் சுவிட்சுகளும்தான். ஒரு நாளில் நான்கைந்து தடவை மட்டும் வாய் திறக்கும் உள்நுழைவுப் பதிவு, பத்து மணிக்கு வந்தபோது அதற்கு இடமில்லை. இத்தகைய கோளாறு எப்போதும் அமைதியானதையே முதலில் விழுங்கும். விசாரணை என்று வரும்போது நமக்கு வேண்டியதும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

பதிவுச் சேவை அவ்வரிகளை உடனே எறிந்துவிடவில்லை. கோப்பைத் திறக்க முடியாதபோது வரிகளை நினைவகத்தில் வரிசையில் நிறுத்திவைத்து, நிமிடத்துக்கு ஒரு தடவை மீண்டும் திறக்க முயன்றுகொண்டேயிருந்தது. பல நாட்களில் ஏதோவொரு பழைய கோப்பு மூடப்பட்டதும் வரிசையில் நின்றவை எழுதப்பட்டும் விட்டன. அதனாலேயே பெரும்பாலான நாட்களின் கோப்புகள் முழுமையாக இருந்தன, எவருக்கும் சந்தேகம் எழவில்லை. ஆனால் நவம்பர் என்பது நமது பகுதியில் வடகீழ்ப் பருவமழையின் காலம் என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அன்று பிற்பகல் மின்சாரம் போயிற்று, யூபிஎஸ் அரைமணி நேரம் கீச்சிட்டுவிட்டு ஓய்ந்தது, சேர்வர் அணைந்தது. நினைவகத்தில் நின்ற வரிசை மறைந்தது. மின்சாரம் மீண்டதும் எல்லாம் புதிதாகத் திறக்கப்பட்டு, நான்கு இருபதிலிருந்து ஒழுங்காக எழுதப்பட்டது. நான் கண்ட முதல் வரி அதுதான்.

மழையும் மின்தடையும் செய்த இன்னொரு குழப்பத்தையும் தேடுகையிற் கண்டேன். சொந்த மின்கலக் கடிகாரம் இல்லாத சிறிய கருவிகள், மின்சாரம் வந்து எழும்போது தம்மை ஜனவரி 1ஆம் திகதியில் இருப்பதாக நினைத்துக்கொள்கின்றன. வலையமைப்பிலிருந்து சரியான நேரத்தைப் பெறும்வரை அத்திகதியிட்டே வரிகளை அனுப்புகின்றன. 2001இல் ஆவணப்படுத்தப்பட்ட பழைய சிஸ்லொக் வடிவத்தில் ஆண்டு என்பதே எழுதப்படுவதில்லை. ஆகவே எங்கள் நவம்பர் மாத மின்தடைகளின் தடயம் அவ்வாண்டின் ஜனவரி 1 என்ற கோப்பில் வந்து குவிந்திருந்தது. பத்து மாதத்துக்கு முந்திய திகதியில் புதிதாகக் கோப்புகள் பிறந்து, அவையும் திறந்துள்ளவற்றின் எண்ணிக்கையைக் கூட்டின. 2009இல் வந்த புதிய வடிவத்தில் ஆண்டும் நேர வலயமும் உண்டு. ஆயினும் மலிவான கருவிகள் பல இன்னும் பழையதையே பேசுகின்றன. கோப்பின் பெயருக்கு அனுப்பிய கருவியின் நேரத்தைப் பாவியாமல், பெற்றுக்கொண்ட சேர்வரின் நேரத்தைப் பாவிப்பதே இதற்குப் பரிகாரம்.

இனி, நாங்கள் பாராத பக்க இலக்கங்களுக்கு வருகிறேன். சிஸ்லொக்-என்ஜியுடன் கூடவே வரும் கட்டுப்பாட்டுக் கட்டளையிடம் புள்ளிவிபரம் கேட்டால், அது வரிவரியாக ஓர் அட்டவணையைத் தரும். ஒவ்வொரு மூலத்துக்கும் ஒவ்வொரு சேருமிடத்துக்கும் எத்தனை வரிகள் கையாளப்பட்டன, எத்தனை கைவிடப்பட்டன, எத்தனை வரிசையில் நிற்கின்றன, கடைசி வரி எப்போது வந்தது என்பன அதிலிருக்கும். புள்ளிவிபரம் எவ்வளவு விரிவாக எண்ணப்படும் என்ற மட்டத்தைக் குறைந்தது ஒன்றாக வைத்திருந்தால், சேருமிடக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் அதன் நிலையைக் காட்டும் ஓரெழுத்து உண்டு: இயங்கிக்கொண்டிருந்தால் ஆங்கில ஏ எழுத்து, முன்பு இருந்து இப்போது ஓய்ந்துவிட்டதென்றால் ஓ எழுத்து. ஏ எழுத்துள்ள கோப்புப் பெயர்களை, ஒரு பெயரை ஒரே தடவை, எண்ணினால் அச்சேவை தற்போது திறந்து வைத்திருக்கும் பதிவுக் கோப்புகளின் தொகை கிடைத்துவிடும். நாம் கேளாவிட்டாலும், இயல்பான அமைப்பில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அந்தச் சேவை தானாகவே இக்கணக்கை ஒரு வரியாக எழுதுகிறது. எங்கள் சேர்வரில் அந்த வரி ஐந்து வாரமும் எழுதப்பட்டிருந்தது. வரிசையில் நிற்பவற்றின் எண் சுழியமாக இருக்க வேண்டிய இடத்தில் பதினேழு, முப்பத்தெட்டு, அறுபது என்று ஏறியிறங்கியிருந்தது. அதே கோப்பில், திறந்த கோப்புகள் மிகைத்துவிட்டன என்ற பிழைச் செய்தியும் நிமிடத்துக்கு நிமிடம், ஆயிரக்கணக்கான தடவை இருந்தது. வேலைக்காரன் வாசலில் நின்று ஐந்து வாரம் கூப்பிட்டிருக்கிறான்; வீட்டில் எவரும் எழுந்து வரவில்லை.

ஆர்சிஸ்லொக் பாவிப்பவர்களுக்கு வேறொரு வகைச் சிக்கல் உண்டு. பெயர் மாறும் கோப்புகளில் ஒரே நேரத்தில் எத்தனையைத் திறந்து வைப்பது என்பதற்கு அதில் இயல்பான அளவு 10 மட்டுமே. நாற்பது கருவிகளுக்கு நாற்பது கோப்பு என்று அமைத்துவிட்டு இந்த எண்ணை மாற்றாவிட்டால், ஒன்றை மூடி ஒன்றைத் திறப்பதிலேயே அதன் காலம் கழியும். வரம்பு முட்டாது, ஆனால் வேகம் படுத்துவிடும். இதையும் வெளியில் நின்று ஊகிக்கத் தேவையில்லை. அதன் புள்ளிவிபரக் கூறு இயல்பாக 300 வினாடிக்கு ஒரு தடவை அறிக்கை தரும். தேடிய கோப்பு திறந்திருக்கவில்லை என்ற எண்ணும், இடம் இல்லாமல் வெளியேற்றப்பட்டது என்ற எண்ணும் அதில் தனித்தனியே உள்ளன. இவ்விரண்டும் வரிகளின் தொகையோடு போட்டிபோட்டு ஏறினால், அந்தப் பத்தைக் கூட்ட வேண்டும் என்று பொருள். அந்தச் செயல்முறை (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) திறந்து வைத்துள்ள கோப்புகளின் தொகையையும் அதே அறிக்கை சொல்கிறது. ஆனால் இக்கூறு தானாக இயங்காது. நாம் அமைப்புக் கோப்பில் அதைச் சேர்த்தாக வேண்டும். பலர் சேர்ப்பதில்லை.

எந்தச் சேவையானாலும், லினக்ஸின் ப்ரொக் என்னும் அடைவுக்குள் (ஓடும் நிரல்களின் நிலையை லினக்ஸ் காட்டும் இடம்) அச்செயல்முறையின் இலக்கத்தைக் கொண்ட அடைவிற் பார்த்தால், அது திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு கோப்பும் ஓர் இணைப்பாகத் தெரியும். வரம்பு எவ்வளவு என்பதும் அங்கேயே எழுதப்பட்டிருக்கும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்துப் பார்ப்பதற்கு மென்பொருள் ஏதும் வாங்க வேண்டியதில்லை.

இதே இடத்தில் இன்னொரு உண்மையும் வெளிப்படும். வன்தட்டு நிறைந்துவிட்டதென்று பெரிய பதிவுக் கோப்பொன்றை அழிப்பார்கள், இடமோ விடுபடாது. பதிவுச் சேவை அதைத் திறந்து வைத்திருக்கும்வரை பெயர் மட்டுமே அழியும், கோப்பு உயிரோடிருக்கும். சேவை தொடர்ந்து அதற்குள்ளேயே எழுதிக்கொண்டிருக்கும், அவ்வெழுத்தை எவராலும் வழமையான முறையில் வாசிக்க முடியாது. பழைய கோப்பைப் பெயர் மாற்றிச் சுழற்றும் ஏற்பாட்டிலும், புதிய கோப்பைத் திற என்ற சைகையைச் சேவைக்கு அனுப்ப மறந்தால் இதுவே நிகழும். அடைவில் உள்ள கோப்புகளின் கூட்டுத்தொகை ஓரளவும், வன்தட்டின் பயன்பாடு வேறோர் அளவும் காட்டினால், அழிக்கப்பட்டும் திறந்திருக்கும் கோப்பைத் தேட வேண்டும்.

புள்ளிவிபரத்தைப் பார்க்கத் தொடங்குபவர்கள் ஒன்றில் ஏமாறக் கூடாது. கைவிடப்பட்டவை சுழியம் என்று சேவை சொன்னால், தன் கைக்கு வந்ததில் எதையும் கைவிடவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். சிஸ்லொக் வரிகள் பெரும்பாலும் யூடிபி என்னும் வலையமைப்பு அனுப்பு முறையில் சேர்வரின் 514ஆம் துறைக்கு (வலையமைப்பு வாயிலின் இலக்கம்) வருகின்றன. அம்முறையில் கிடைத்ததா என்ற ஒப்புதல் இல்லை. சேவை சற்றுத் தாமதித்தால் பணிசெயல் முறைமையின் தாங்ககம் (வரிகள் தற்காலிகமாகக் காத்திருக்கும் இடம்) நிரம்பி, வந்த வரிகள் வாசலிலேயே விழுந்துவிடும். அந்தக் கணக்கைப் பதிவுச் சேவை அறியாது. லினக்ஸின் யூடிபி அட்டவணையின் கடைசி நெடுவரிசையில் அது தனியாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே கணக்கு முழுமையாகும். இயன்ற கருவிகளை, ஒப்புதல் பெற்று அனுப்பும் டிசிபி முறைக்கு மாற்றுவது இன்னும் நல்லது.

கடைசி வரி எப்போது வந்தது என்ற நேரக்குறிப்பையும் நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஒரு கருவி மௌனமாகிவிட்டதை வேறெந்த எண்ணும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது. அதைக் கருவி வாரியாகப் பெறுவதற்குப் புள்ளிவிபர மட்டத்தை உயர்த்த வேண்டும். சிஸ்லொக்-என்ஜியில் இரண்டாம் மட்டம் கருவி வாரியாகவும், மூன்றாம் மட்டம் நிரல் வாரியாகவும் எண்ணத் தொடங்கும். மூன்றாம் மட்டம் நினைவகத்தை உண்ணும். போலியான பெயர்களோடு குப்பை வரிகளை எவராவது அனுப்பினால் எண்ணிகளின் தொகையும் கட்டின்றிப் பெருகும். அதே குப்பை, பெயருக்கொரு கோப்பு என்று அமைத்திருந்தால், திறந்த கோப்புகளையும் வரம்புவரை கொண்டுபோய்விடும். வரி ஒவ்வொன்றிலும் உள்ள பெயரை அப்படியே நம்பிக் கோப்பின் பெயராக்குவது, வழிப்போக்கன் கையிற் பதிவேட்டைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். ஆதலால் எங்களுக்கு இரண்டாம் மட்டமே போதுமென்று நிறுத்திக்கொண்டோம்.

நாங்கள் செய்த திருத்தங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிரல் வாரியான பிரிவை நீக்கி, கருவிக்கு ஒரு கோப்பு என்று ஆக்கினோம். ஒரு நாள் என்றிருந்த காத்திருப்பு நேரத்தை மீண்டும் 60 வினாடியாக்கினோம். வரம்பை 4096ஆக உயர்த்தினோம். ஆனால் அதைக் கடைசியிலேயே செய்தோம், ஏனெனில் வரம்பை மட்டும் உயர்த்தியிருந்தால் அதே தவறு இன்னும் ஓராண்டு கழித்து வந்திருக்கும். வரிசையில் நிற்கும் வரிகளை நினைவகத்திற்கு மாற்றாக வன்தட்டில் வைக்கும் வசதியையும் முக்கியமான சேர்வர்களுக்கு ஏற்படுத்தினோம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடும் ஒரு சிறு நிரல், திறந்த கோப்புகளின் தொகை, வரம்பு, வரிசையில் நிற்பவை, கைவிடப்பட்டவை, வாசலில் விழுந்தவை ஆகிய ஐந்து எண்களையும் வேறொரு கணினிக்கு அனுப்புகிறது. வேறொரு கணினிக்கு என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பதிவுச் சேவை கோப்பைத் திறக்க முடியாமல் தத்தளிக்கும்போது, தனது தத்தளிப்பையும் அதே சேவையே எழுத வேண்டுமென்று விட்டுவைத்தால் அந்த எழுத்தும் கிடைக்காமற்போகலாம். தொகை வரம்பின் அறுபது சதவீதத்தைத் தாண்டினால், அல்லது வரிசையில் நிற்பவை பத்து நிமிடத்துக்கு மேல் சுழியத்துக்கு இறங்காவிட்டால், கடமையிலிருப்பவரின் கைபேசிக்குச் செய்தி போகும். அறுபது என்பது என் தீர்மானம். எழுபது என்று வைப்பவரோடு நான் வாதிடமாட்டேன். எண்ணே வைக்காமல் இருப்பவரோடு நிச்சயமாக வாதிடுவேன்.

இது தொழில்நுட்பர்களின் வீட்டு விவகாரம் என்று வாசகர் எவரும் எண்ணிவிடக் கூடாது. நமது நாட்டின் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் கணினி வெளியிடும் கூற்றை நீதிமன்றம் ஏற்றுக்கொள்வதற்கு வழிசெய்கிறது. அவ்வாறு ஏற்றுக்கொள்வதற்கான நிபந்தனைகளுள் ஒன்று, உரிய காலம் முழுவதும் அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியிருக்க வேண்டும், அல்லது இயங்காமையால் அக்கூற்றின் சரித்தன்மை பாதிக்கப்பட்டிருக்கக் கூடாது என்பதாகும். பதிவுச் சேவை அன்று காலை ஒழுங்காக இயங்கியதா என்று ஒரு சட்டத்தரணி கேட்டால், அந்த ஐந்து எண்களையும் சேமித்து வைத்திருக்கும் நிறுவனமே பதில் சொல்ல முடியும். வைத்திராத நிறுவனம், நான்கு இருபதுக்குத் தொடங்கும் ஒரு கோப்பை நீட்டிவிட்டு நிற்க வேண்டியிருக்கும். இதற்கிடையில், எளிய ஓர் உத்தியோகத்தரின் பெயர் சந்தேகத்தில் கிடக்கும்.

ஆகவே என் வேண்டுகோள்கள் சில. கணினி முறைமைகளைக் கொள்வனவு செய்யும் அலுவலகங்கள், பதிவுகள் பேணப்படும் என்ற ஒரு வாக்கியத்தோடு நின்றுவிடாமல், பதிவுச் சேவையின் புள்ளிவிபரம் நாளாந்தம் பேணப்பட்டு மாத இறுதியிற் கையளிக்கப்படும் என்ற நிபந்தனையையும் கேள்விப்பத்திரத்திற் சேர்க்க வேண்டும். நிறுவனத் தலைவர்கள் இதன் நுட்பங்களைக் கற்க வேண்டியதில்லை. "நேற்று எத்தனை வரிகள் கைவிடப்பட்டன, திறந்த கோப்புகள் வரம்பில் எவ்வளவைத் தொட்டன" என்ற இரண்டு கேள்விகளை மாதம் ஒரு தடவை கேட்டாற் போதும். கேட்கப்படும் என்று தெரிந்தால் எங்களைப் போன்றவர்கள் எண்ணி வைப்போம். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் கணினித்துறை பயிலும் மாணவர்களுக்குச் சேர்வர் நிறுவுவது கற்பிக்கப்படுகிறது. அதனோடு, நிறுவிய சேவையைத் தொண்ணூறு நாள் கண்காணித்து அதன் எண்களை வரைபாக்கி ஒப்படைக்கும் ஒரு செயற்றிட்டமும் இருக்குமானால், வேலைக்கு வரும் முதல் நாளிலேயே அவர்கள் எங்கே பார்ப்பது என்று அறிந்திருப்பார்கள். நான் அதை அறிந்துகொள்ள ஒரு சகோதரியின் மூன்று வாரக் கண்ணீர் செலவாயிற்று.

மின்தடைகள் மலிந்த பருவமழை ஆண்டுதோறும் வரும். அதற்கு முன்னர் பாடசாலை, கூட்டுறவுச் சங்கம், பிரதேச சபை என எந்த அலுவலகமாயினும், தமது பதிவுச் சேவை எத்தனை கோப்புகளைத் திறந்து வைத்திருக்கிறது, அதன் வரம்பு எவ்வளவு என்று அறிய விரும்பி, அதைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாதிருந்தால், தங்கள் நாளிதழின் மூலம் எனக்கு அறிவிக்கலாம். சனிக்கிழமைகளில் வந்து கட்டணமின்றிப் பார்த்துத் தருவேன். ஓர் இடத்துக்கு ஒரு மணி நேரம் போதும்.

இங்ஙனம்,
கணினி முறைமைப் பராமரிப்பாளர் ஒருவர்,
மட்டக்களப்பு.